இருபது ஆண்டு நடந்த பாதை

இங்கிலாந்தில் என் மகள் வாழும் சிற்றூரில், ஒரு விவசாயியின் வீட்டு முற்றத்தின் வழியாக யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். வேலியோரத்தில் ஒரு மரக்கம்பமும் அதில் மஞ்சள் நிற அம்புக்குறியும் இருக்கும். அந்தக் குறி காட்டும் திசையில் அவருடைய மாட்டுக் கொட்டகையையும் டிராக்டரையும் துணி உலர்த்தும் கொடியையும் கடந்து மறுபக்கத்துப் புல்வெளியில் இறங்கலாம். முதல் நாள் மகள் முன்னால் நடந்து போய்விட்டாள். நான் அந்தக் கம்பத்தின் அருகிலேயே நின்றுவிட்டேன். "வாங்கம்மா, இது பொது வழிதான்" என்று அவள் இரண்டு முறை கூப்பிட்ட பிறகும் எனக்குக் கால் எழவில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். தோட்ட நிர்வாகியான தொரையின் பங்களா இருந்த மேட்டுப் பக்கம் விளையாட்டுக்குக்கூடப் போகக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள்.

கடந்த ஆண்டு மே மாதம் முதல் அக்டோபர் வரை மகளோடு அங்கே தங்கியிருந்தேன். ஊர் திரும்பியதிலிருந்து, "அங்கே எப்படி இருந்தது, குளிர் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எனக்கே நிறைவாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மகளின் ஊர் டெர்பிஷயரில், சுண்ணாம்புப் பாறை நிலத்தின் நடுவே இருக்கிறது. 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியைச் சேர்ந்த ஊர். எங்கள் ஈப்போ நகரைச் சுற்றி நிற்கும் குன்றுகளும் சுண்ணாம்புப் பாறைதான் என்பதால், அந்த மண்ணின் வெளிர்நிறம் எனக்கு அன்னியமாகத் தெரியவில்லை. ஊரில் எண்பது வீடுகள் இருக்கலாம். கடை கிடையாது. அஞ்சல் சேவைக்கு வாரம் ஒருமுறை ஒரு வேன் வந்து நிற்கும். பேருந்து ஒரு நாளில் சில முறை வரும், ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. எரிவாயுக் குழாய் வராததால் வீட்டைச் சூடாக்க எண்ணெய்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். மார்கழி வருமுன் அதை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதே மகளின் பெரிய கவலை. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிய பிறகும் வெளியே பகலாக இருப்பதும், அந்தப் பகலில் ஆட்டின் குரலைத் தவிர வேறொன்றும் கேட்காததும் முதல் வாரத்தில் என்னைத் தூங்கவிடவில்லை.

அமைதி என்று நாம் சொல்வது ஒன்றே ஒன்று என நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்பதை அந்தப் பாதைகளில் நடந்துதான் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட பொது வழிகள் ஏறக்குறைய 225,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. பெரும்பாலானவை தனியார் நிலத்தின் வழியாகவே போகின்றன. நிலம் ஒருவருடையது, அதன் குறுக்கே நடக்கும் உரிமை எல்லோருடையது. 1949-இல் வந்த ஒரு சட்டத்தின்படி மாவட்ட நிர்வாகங்கள் இந்த வழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் பதிய வேண்டியிருந்தது. கடையில் விற்கும் வரைபடத்தில் அவை பச்சைக் கோடுகளாகத் தெரிகின்றன. வழி விழுந்த வயலை விவசாயி உழலாம், ஆனால் உழுத பதினான்கு நாள்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அந்த வழியைத் திரும்ப ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். என்னை உட்கார வைத்துவிட்ட செய்தி இதுவன்று. ஒரு நிலத்தின் குறுக்கே பொதுமக்கள் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் இருபது ஆண்டுகள் நடந்திருந்தால், உரிமையாளர் அதைப் பொது வழியாக விட்டுக்கொடுத்துவிட்டார் என்றே சட்டம் கொள்ளும். அவர் அப்படி எண்ணவில்லை என்றால் அதற்கு அவர்தான் சான்று காட்ட வேண்டும். 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தில் இது இருக்கிறது. மகள் இதைக் கைப்பேசியில் படித்துக் காட்டியபோது, நான் மறுபடியும் படிக்கச் சொன்னேன்.

இருபது ஆண்டு. என் தாத்தா, அப்பா, நான் என்று எங்கள் குடும்பம் அந்தத் தோட்டத்தில் நடந்தது எழுபது ஆண்டுக்கு மேல்.

விடியற்காலை ஐந்து மணிக்கு லயத்திலிருந்து, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகும் வழி, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டாய் வழி, ரப்பர் மர நிரைக்குள் நுழையும் ஒற்றையடிகள், பால் வாளிகளைத் தோளில் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஏறும் மேடு, முனியாண்டி கோயிலுக்கு ஆற்றைத் தாண்டிப் போகும் குறுக்கு வழி என எல்லாமே அந்த மக்களின் கால் பட்டு உண்டானவை. அம்மாவின் தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், மழை பெய்த மறுநாள், கெட்டியாகி வழுக்கும் அந்த மண்ணில் வெறுங்காலோடு நான் நடந்த நடை இன்றும் என் பாதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வழிக்கும் எங்களிடம் பெயர் இருந்தது. ஆனால் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை இருக்கும்வரை வீடு, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. வீடே அப்படி என்றால் பாதையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? தொண்ணூறுகளில் தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். லயங்களைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதம் மலாய் மொழியில் இருந்தது. அப்பா அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக எத்தனையோ கடிதங்களைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் வாய்விட்டுப் படிக்க முடியாமல், விஷயத்தை மட்டும் சொன்னேன்.

இப்படி நடக்கும் என்பதை முன்பே உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. எங்கள் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த, மலாயா இந்தியக் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுவிட்டுப் போன காலத்தில் பாட்டாளிகள் நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பாட்டாளிகளே பங்கு சேர்ந்து தோட்டம் வாங்கினார்கள். அப்பாவிடமும் ஒரு பங்குப் பத்திரம் இருந்தது. சாமி மேடையின் கீழ் டின்னுக்குள் வைத்திருந்தார். ஆனால் நாங்கள் இருந்த தோட்டம் அப்படி வாங்கப்பட்ட தோட்டம் அன்று.

இதைப் படிக்கும் யாரும், இங்கிலாந்துக்காரர்களுக்கு நடக்கும் உரிமையை யாரோ நல்ல மனத்தோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மகளின் ஊரைச் சுற்றி, சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஓடுகின்றன. படத்தில் பார்க்க அழகானவைதான். ஆனால் அவற்றுள் பெரும்பகுதி, பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஊர்ப்பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தை நாடாளுமன்றச் சட்டங்களின் மூலம் தனியாருக்குப் பங்கிட்டபோது எழுந்த எல்லைச் சுவர்கள். அதுவும் ஒரு துண்டாடல்தான். மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த உரிமையை அங்கேயும் ஏழைகள் இழந்திருக்கிறார்கள்.

மகளின் வீட்டிலிருந்து வடக்கே காரில் போனால் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலம் வரும். பணக்காரர்கள் பறவை வேட்டையாடுவதற்காக அதை மூடி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24-ஆம் நாள் மான்செஸ்டர், ஷெஃபீல்டு நகரங்களின் இளம் தொழிலாளர்கள் சில நூறு பேர் வேண்டுமென்றே அதில் ஏறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். முன்னின்ற பென்னி ரோத்மனுக்கு அப்போது இருபது வயது. நான்கு மாதச் சிறை. அந்த நிலத்துக்கு அன்று உரிமையாளராக இருந்த டெவன்ஷயர் பிரபுவின் பேரன், எழுபது ஆண்டு கழித்து 2002-இல், அதற்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த மேட்டின் அடிவாரத்தில் நின்றபோது எனக்கு மலாயாவின் கிள்ளான் நினைவுக்கு வந்தது. கிண்டர் நடந்து ஒன்பது ஆண்டு கழித்து, 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் செய்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் சம்பள உயர்வோடு இன்னொன்றும் இருந்தது: தோட்டத்துச் சடக்கில், அதாவது சாலையில், சைக்கிளில் போகும்போது தொரையைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். வெறும் ஒரு சடக்கில் தலை நிமிர்ந்து போவதற்கான கோரிக்கை அது. படையை வரவழைத்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் பாட்டாளிகள் இறந்தார்கள், தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். கிண்டரில் நடந்தவர்களுக்காக அந்த மலையடிவாரத்தில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டு பாடம் நடத்தியவள் நான். நாதனின் பெயரை எத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னேன் என்று அங்கே நின்று எண்ணிப் பார்த்து வருந்தினேன்.

அந்த ஊரில் நான் மிகவும் மகிழ்ந்திருந்த நாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெர்பிஷயர் சிற்றூர்களில் கோடைக்காலத்தில் கிணறுகளையும் ஊற்றுகளையும் மலரால் அலங்கரிக்கும் வழக்கம் இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வாரம். பெரிய மரச்சட்டங்களை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, அவற்றில் ஈரக் களிமண்ணை அப்பி, ஒரு படத்தின் கோடுகளை ஊசியால் குத்திக் களிமண்ணில் இறக்கி, அந்தக் கோடுகளுக்குள் பூவிதழ், பாசி, விதை, இலை ஆகியவற்றைப் பதித்து ஒரு முழு ஓவியம் செய்கிறார்கள். ஊர் மண்டபத்தில் மூன்று மாலை நானும் உட்கார்ந்து இதழ் பதித்தேன். முதலில் கண்டபடி ஒட்டிக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் இருந்த மூதாட்டி ஒன்றும் சொல்லாமல் என் விரலைப் பிடித்துக் கீழே கொண்டுபோய் வைத்தார். கீழ் வரிசையை முதலில் பதிக்க வேண்டும். மேல் வரிசை இதழின் நுனி கீழ் வரிசையின் மேல் கொஞ்சம் படிய வேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். அத்தாப்பு ஓலைக் கூரை வேய்வது அப்படித்தானே! எங்கள் கோயில் திருவிழாவுக்கு அப்பா பந்தல் போட்டபோது கீழிருந்து மேலாக ஓலை வைத்ததை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். அதை அந்த மூதாட்டிக்குக் கைச்சாடையால் சொன்னேன். புரிந்துகொண்டு என் கையைத் தட்டிக் கொடுத்தார். நீல நிறத்துக்கு ஹைட்ரேஞ்சியா இதழ். ஒன்றை எடுத்து, மழமழப்பான பக்கம் மேலே வரும்படி வைத்து, நகத்தின் பின்புறத்தால் அழுத்தினால் களிமண் அதை மெல்லப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு உழைப்பும் ஒரு வாரத்தில் வாடிவிடும். வாசற்கோலம் போட்டு வளர்ந்த எனக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

அதே மண்டபத்துக்கு எதிரே, மாதாகோயில் சுவரை ஒட்டி, 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போரில் இறந்த ஊர்க்காரர்களின் பெயர்களைச் செதுக்கிய ஒரு கல் நிற்கிறது. சின்ன ஊர், ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வருகிறது. அதே போரிலிருந்து உயிரோடு திரும்பிய பிரிட்டிஷ் படை அதிகாரிகள் 1921-இல் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டம் திறந்தார்கள். அதற்குப் பிராங் பெசார் என்று பெயர். மலாயில் பெரும்போர் என்று பொருள். அந்தத் தோட்டமும் அதன் பக்கத்துத் தோட்டங்களும்தான் தொண்ணூறுகளில் மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவாக மாறின. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலுக்கு இடம் மாறின. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்றின் பெயர் மேடிங்லி. கேம்பிரிட்ஜுக்கு அருகே உள்ள ஒரு சிற்றூருக்கும் அதே பெயர்தான். அந்த மேடிங்லி இன்னும் அதே இடத்தில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் தாத்தாவின் தம்பியைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப் போனான். அவர் திரும்பவில்லை. அந்தப் பாதை போகும் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு இருக்கின்றன. மலாயாவிலிருந்து போய் மடிந்த பல்லாயிரம் தமிழர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. அந்தச் சிற்றூரின் கல்லைக் கடக்கும்போதெல்லாம், யாரும் பார்க்காத நேரத்தில், சின்னத் தாத்தாவின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு நடப்பேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சுண்ணாம்புக் கல் குவாரியில் நாற்பது ஆண்டு உழைத்தவர். மாலையில் வேலியருகே வந்து பேசுவார். அவருடைய பேச்சிலிருந்துதான் அந்த ஊரின் அமைதிக்குள் ஒரு வலி இருப்பதை உணர்ந்தேன். தெருவில் இரவில் விளக்கு எரியாத வீடுகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார். சில, நகரத்துக்காரர்கள் விடுமுறைக்கு வந்து போகும் வீடுகள். சில, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுபவை. அதனால் விலை ஏறி, அங்கேயே பிறந்த அவருடைய பேரப்பிள்ளைகளால் அந்த ஊரில் ஒரு வீடு வாங்க முடியவில்லை. அவர் படித்த பள்ளிக்கூடம் இப்போது ஒரு வீடு. பிள்ளைகள் குறைந்துபோய் மூடிய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி நான் சொன்னேன். இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அங்கேயும் ஊர் கரைகிறது என்பது உண்மை. ஆனாலும் அவருடைய பேரன் ஷெஃபீல்டிலிருந்து வந்தால், தாத்தா நடந்த வழியில் யாரிடமும் சொல்லாமல் நடக்கலாம். நிலத்துக்காரர் நினைத்த மாத்திரத்தில் அந்த வழியை அவனுக்கு அடைத்துவிட முடியாது. எனக்கு அந்த ஒன்று போதுமே என்று தோன்றியது.

நவம்பரில், ஊர் திரும்பிய இரண்டாம் வாரம், தோட்டத்துக்குப் போனேன். சடக்கின் முகப்பில் தடுப்புக் கம்பம் போட்டிருக்கிறார்கள். காவலுக்கு ஒரு நேப்பாளத்து இளைஞன். எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டான். கோயிலுக்கு என்றேன். அடையாள அட்டையை வாங்கி எண்ணை எழுதிக்கொண்டு, நல்ல பிள்ளை, தலையைத் தாழ்த்திக் கம்பத்தைத் தூக்கினான். அவனும் எந்த மலையூரின் எந்தப் பாதையை விட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறானோ. உள்ளே செம்பனை இருட்டு. ரப்பர்க் காட்டில் வெளிச்சம் சல்லடை போல விழும். செம்பனையின் கீழ் அப்படி விழுவதில்லை. லயம் இருந்த இடத்தில் ஒரு சிமெண்டுப் படி மட்டும் புல்லுக்குள் இருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. டெர்பிஷயரில் கேட்டதைவிட ஆழ்ந்த அமைதி. ஆயினும் அது, பேசிக்கொண்டிருந்தவர்களை வெளியேற்றிவிட்ட வீட்டின் அமைதி. 1948 ஜூனில் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று தொரைமார்கள் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்காரர்களால் சுடப்பட்டு அவசரகாலம் தொடங்கிய பிறகு, இருட்டினால் லயத்தை விட்டு வெளியே கால் வைக்க முடியாது, ஊரே மூச்சடங்கிக் கிடக்கும் என்று அம்மா சொல்வார். அந்த நாளில்கூட லயத்துக்குள் ஒரு குழந்தையாவது அழுதிருக்கும்.

முனியாண்டி கோயில் இருக்கிறது. பழைய தோட்டத்து மக்கள் ஆண்டுக்கொருமுறை தாமான் எனும் குடியிருப்புகளிலிருந்து வந்து பூசை போடுவதால் நிற்கிறது. கற்பூரம் ஏற்றிவிட்டு, ஆற்றுப் பக்கக் குறுக்கு வழியைத் தேடினேன். செம்பனை மட்டைகளை அந்த வரிசையில்தான் குவித்து வைத்திருந்தார்கள். சிறிது தூரம் காலால் விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அன்று இரவு, எழுபத்திரண்டு வயதாகும் என் அக்காவின் வீட்டுச் சமையலறை மேசையில், பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, வரைய ஆரம்பித்தோம். மகளின் ஊரில் வாங்கிய வரைபடத்தில் இருப்பது போலவே வழிகளை மட்டும் பச்சைப் பென்சிலால் புள்ளிக் கோடாகப் போட்டேன். பெரட்டு வழி. ஆயாக் கொட்டாய்ச் சந்து. ஸ்டோர் மேடு. சீனர் கடைக் குறுக்கு வழி. பத்தாம் நம்பர் ஒற்றையடி. பெயர்கள் ஒவ்வொன்றாக அக்காவின் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தன. நான் மறந்துவிட்டேன் என்பதையே மறந்திருந்த பெயர்கள். கோயில் வழியை வரையும்போதுதான் தகராறு வந்தது. அந்த வழி ஆற்றைத் தாண்டியது கொய்யா மரத்துக்கு மேல்பக்கம் என்றேன் நான். "நீ அப்ப சின்னப் பிள்ளடி, கீழ்ப்பக்கம்தான் கல்லு போட்டிருந்தாங்க" என்றார் அக்கா. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. தோட்ட வேலையை மேற்பார்த்த பழைய மண்டோரின் மகன் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தாமானில் இருக்கிறார், எங்களைவிட மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு அவர் வீட்டுக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் இரண்டு இடத்திலும் லேசாகப் புள்ளி வைத்து, தாளைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு அலமாரிமேல் வைத்தேன்.